ஜூஜுவாடி வளைவின் அழியாத நீலம்

1969ஆம் வருஷம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜூஜுவாடியில் தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்து அடுப்பில் சுட்டுக் கொடுக்கும் ஷெட் வைத்திருந்த அருள்ஜோசப்புக்கு எல்லை வரவேற்பு இலாகாவிலிருந்து ஒரு மெமோ வந்தது. நீளமான மெமோதான், ஆனால் கேள்வி ஒன்றே ஒன்று. ‘மாநில எல்லை வளைவில் தாங்கள் அடித்த பெயிண்ட் இதுவரை ஏன் அழியவில்லை என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.’

அவர் மனைவி அருள்மேரி அதை இரண்டு தடவை படித்தாள். அவள் ஓசூரில் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டிக்குப் புறப்பட்டு, சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

“ஏங்க, ‘ஏன் அழிஞ்சிடுச்சு’ன்னு டைப் அடிக்கிறதுக்குப் பதிலா மாத்தி அடிச்சிட்டாங்களா?”

“இல்ல மேரி. சரியாத்தான் அடிச்சிருக்காங்க.”

“இதுக்கு இன்னா பதில் எழுதுவீங்க?”

“அதான் தெரியல” என்றார் அருள்ஜோசப்.

அவர் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். சொந்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்று கிளம்பி வந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஷெட் போட்டு, செங்கல்லில் ஓர் அடுப்பு கட்டினார். ஆள் நிமிர்ந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிய அடுப்பு. ஜன்னல் சட்டம், பஸ் தகடு, கடை போர்டு எல்லாம் அதில் வெந்து வெளியே வரும். ஆனால் எந்தப் பெயிண்ட்டும் அவர் மனசுக்கு ஒத்து வரவில்லை. இந்த ஊர் வெயிலில் சிவப்பு இரண்டே வருஷத்தில் ரோஸ் ஆகிவிடும். பச்சையைத் தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டும். தான் அடித்த தகடுகளைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் அவர் தலையைத் திருப்பிக்கொள்வார்.

1967 தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு தொழில் கண்காட்சி நடந்தது. அங்கே ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ஆள் புதுமாதிரிப் பெயிண்ட் கொண்டுவந்திருந்தார். ஃப்ளோரின் சேர்ந்த ஏதோ ஒரு பிசினில் செய்தது. கட்டடங்களின் வெளித்தகடுகளுக்கென்றே கண்டுபிடித்தது. வெயிலோ மழையோ உப்புக் காற்றோ அதை ஒன்றும் செய்யாது என்றார். ஆனால் இருநூற்று நாற்பது டிகிரியில் சுட்டால்தான் பிடிக்கும். அத்தனை சூடு தாங்கும் பெரிய அடுப்பு யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்டபோது அருள்ஜோசப் கையைத் தூக்கினார். சாம்பிளாகக் கிடைத்தது மூன்று டின். இரண்டு நீலம், ஒன்று வெள்ளை.

அதே சமயத்தில்தான் எல்லை வரவேற்பு இலாகாவின் ஓவர்சியர் சென்னகிருஷ்ணன், எல்லையில் ஓர் அலுமினிய வளைவு வைக்கவேண்டும் என்று அருள்ஜோசப்பிடம் வந்தார். சூளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் ஃபைல் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

நாலு பெரிய தகடு செய்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். சென்னை, மாநிலம், தங்களை, வரவேற்கிறது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் நீலம். முன்பக்கத்து நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து. எழுத்துக்கு அச்சு வெட்டிக் கொடுத்தவர் பக்கத்துத் தெரு போர்டு ஆர்ட்டிஸ்ட் திம்மராயன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதுவார். மூன்றிலும் பிழை வராது. சுட்டு எடுத்த தகடுகள் ஆறியதும் அருள்ஜோசப் அதன்மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடியது. தகடு நனையவே இல்லை. அவர் இன்னொரு சொம்பு ஊற்றிப் பார்த்தார்.

“எத்தினி வருஷம் தாங்கும்?” என்றார் ஓவர்சியர்.

“இருவது வருஷம்னு சொன்னாங்க சார்.”

“அப்ப பத்திரத்துல எழுதிடுவோம்.”

எழுதினார்கள். ஓவர்சியரே வாசகம் சொன்னார். இருபது வருஷத்துக்குள் நிறம் மங்கினாலோ உரிந்தாலோ அருள்ஜோசப் ஜவாப்தாரி. அதுவரை தகடுகளை யாரும் சுரண்டவோ, வெட்டவோ, மறைக்கவோ கூடாது. மீறினால் அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். ஏதோ ஒரு சிலைக்கு எழுதிய பழைய பத்திரத்திலிருந்து அந்த வரியை எடுத்ததாக ஓவர்சியர் பெருமையோடு சொன்னார்.

ஜூன் மாசம் வளைவு நின்றது. ஜூலையில் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றத் தீர்மானம் நிறைவேறியது.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அருள்ஜோசப்பை ஓவர்சியர் உட்காரச் சொன்னார். “தீர்மானம்தானே? ஆர்டர் வரட்டும். ஆர்டர் வராத எதையும் நான் படிக்கிறதில்ல.”

ஆர்டர் 1969 ஜனவரி முதல் வாரம் வந்தது. பொங்கலன்று பெயர் மாறுகிறது. போகிக்குள் வளைவிலும் மாறவேண்டும். திம்மராயன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். ‘சென்னை’யின்மேல் பட்டையாக நீல எனாமல் பூசி, அதன்மேல் வெள்ளையில் ‘தமிழ்நாடு’ என்று எழுதினார். மறைப்பது பத்திரத்துக்கு விரோதமாயிற்றே என்று அருள்ஜோசப் கேட்டார். பெயிண்ட் அடிப்பது மறைப்பதில் சேராது, அது ‘திருத்தம்’ என்றார் ஓவர்சியர்.

பொங்கலன்று காலை அருள்ஜோசப்பும் திம்மராயனும் பார்க்கப் போனார்கள். எனாமல் நன்றாகக் காய்ந்திருந்தது. காய்ந்ததுதான் வினை. லாரி ஒன்று காற்றடித்துப் போனதும் ‘த’ ஓரத்தில் கொஞ்சம் தூக்கியது. வாழைப்பட்டை உரிவதுபோல மெல்ல உரிந்து, முழு எழுத்தாகக் கழன்று, காற்றில் இரண்டு தடவை புரண்டு, சாலையைத் தாண்டிப் போனது. அடுத்து ‘மி’. அப்புறம் ‘ழ்’. ‘டு’ நேரே இறங்கி முனிலட்சுமியின் டீக்கடைப் பால் சட்டியில் விழுந்தது.

“யோவ் திம்மராயா!” என்று முனிலட்சுமி கத்தினாள். “பொங்கலும் அதுவுமா எம் பால்ல இன்னாய்யா போட்ட?”

“நான் போடல முனிலட்சுமி. கவர்மெண்ட் போட்டுச்சு.”

உரிந்த இடத்தில் ‘சென்னை’ நேற்று அடித்ததுபோலப் பளபளத்தது. அதிகாரிகள் வரும் நேரம். அவசர அவசரமாக இரண்டு வாழை மரங்களைக் கட்டி அந்தச் சொல்லை மறைத்தார்கள். ஓவர்சியர் தம் நோட்டில் ‘அலங்காரம்’ என்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் மைசூர் மாநிலப் பக்கத்துச் செக்போஸ்ட்டிலிருந்து நஞ்சுண்டப்பா என்ற சேவகர் சைக்கிளில் வந்தார். கேரியரில் நியூஸ் பேப்பர் சுற்றிய பொட்டலம். பிரித்தால் உள்ளே ‘நா’.

“இது உங்க ராஜ்யதா?” என்றார் அவர், கன்னடமும் தமிழும் கலந்து. “எங்க ராஜ்யத்துல புளிய மரத்துல சிக்கிண்டு இருந்துச்சு. உங்க எழுத்து எங்க ஜாகால இருந்தா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க. ஒரு சைன் போட்டு வாங்கிக்கங்க.”

அருள்ஜோசப் கையெழுத்துப் போட்டு ‘நா’வை வாங்கிக்கொண்டார். ‘த’, ‘மி’, ‘ழ்’ மூன்றும் கிடைத்தால் அனுப்பி வைப்பதாக நஞ்சுண்டப்பா சொல்லிவிட்டுப் போனார்.

திம்மராயன் விடவில்லை. சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். தார் பூசிப் பார்த்தார். எருமைச் சாணத்தில் பசை கலந்து ஏதோ செய்தார். பின்பக்கத்து வெறும் நீலத்தில் எழுதிப் பார்க்கலாம் என்று தகடுகளுக்குப் பின்னால் ஏறினார். அங்கேயும் அதே கதி. தார்கூட வெயிலில் இளகி, ஒரே துண்டாக வழுக்கிக் கீழே வந்தது. முப்பது வருஷமாகச் சுவர், பாறை, மாட்டு வண்டி, யானை என்று எதன்மேலும் எழுதிய மனுஷன் அவர். முனிலட்சுமி கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஜோசப்பண்ணா, அது என்னைப் பார்த்துச் சிரிக்குது.”

இந்தச் சமயத்தில்தான் மெமோ வந்தது. அருள்ஜோசப் மூன்று நாள் யோசித்து விளக்கம் எழுதினார். பெயிண்ட் அழியாமல் இருப்பதற்குக் காரணம் அது அழியாத பெயிண்ட் என்பதே. இதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதன்மேல் அதே பெயிண்ட்டை அடித்து அதே சூட்டில் சுட்டால் மட்டும் பிடிக்கும். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. ஒரு டின் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி வாங்கித் தந்தால் மாற்றிக் கொடுக்கிறேன்.

இறக்குமதி அனுமதிக்கு மேலே எழுதினார்கள். ஆச்சரியமாகச் சீக்கிரமே பதில் வந்தது. அந்நியப் பொருள், சேதமடைந்த ஒன்றைச் சரிசெய்வதற்கு மட்டுமே அனுமதிக்கப்படும். வளைவு சேதமடைந்திருப்பதற்குச் சான்றிதழ் இணைக்கவும்.

ஓவர்சியர் அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “சேதம் ஆகியிருக்கா ஜோசப்பு?”

“இல்ல சார்.”

“நாம சேதம் பண்ணலாமா?”

“நம்ம பத்திரப்படி குத்தம் சார்.”

“தானா ஆனா?”

“தானா ஆனா குத்தம் இல்ல. எனக்குத்தான் ஜவாப்தாரி.”

“அப்ப தானா ஆகட்டும்” என்றார் ஓவர்சியர்.

அதிலிருந்து திம்மராயனையும் சேர்த்து மூன்று பேரும் இயற்கையை நம்பினார்கள். வாரம் ஒருமுறை ஓவர்சியர் பூதக்கண்ணாடியும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவார். துணியால் துடைத்துப் பார்ப்பார். தூசி வரும், நிறம் வராது. திம்மராயன் தினமும் மத்தியானம் வளைவின் உச்சியில் ஒரு கவளம் சோறு வைக்க ஆரம்பித்தார். காக்காய்கள் வந்தன. முதலில் ஆறு, அப்புறம் நாற்பது. வளைவு முழுக்க எச்சம். இது அமிலம், பெயிண்ட்டை அரித்துவிடும் என்று மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாசி மாசத்தில் எதிர்பாராமல் ஒரு மழை அடித்து அத்தனையையும் கழுவிவிட்டது. நீலம் முன்னைவிட நீலமாக இருந்தது. காக்காய்கள் மட்டும் போகவில்லை. டீக்கடைக்கு வருகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

ஒருநாள் ராகி மூட்டை ஏற்றிவந்த லாரி பிரேக் பிடிக்காமல் வளைவின் இடது கால்மேல் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. தகவல் கேட்டதும் ஓவர்சியர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். முகத்தில் கல்யாணக் களை. இரும்புக் கால் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. வளைவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஏறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கினார்.

“ஒரு கீறல் இல்ல ஜோசப்பு. டாமிட், ஒரே ஒரு கீறல் இல்ல.”

அருள்ஜோசப்பும் “அய்யோ” என்றுதான் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. அதை அடக்கத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் அருள்மேரி கண்டுபிடித்துவிட்டாள்.

“சந்தோஷமா இருக்கீங்க.”

“இல்லையே.”

“ஞாயித்துக்கிழம கோயில்ல முட்டி போட்டு அது கெட்டுப் போவணும்னு ஜெபம் பண்ணீங்க. நான் பக்கத்துலதான இருந்தேன், காதுல விழுந்துச்சு. இப்ப கெட்டுப் போவலன்னு சிரிக்கிறீங்க. கடவுளுக்கு எது வேணும்னு ஒரு முடிவாச் சொல்லுங்க. பாவம், அவரும் எத்தினி பேரு மனுவைப் பாப்பாரு?”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடி சொன்னார். “மேரி, என் வாழ்க்கையில நான் செஞ்சது எல்லாமே வெளுத்துப் போயிருக்கு. இது ஒண்ணுதான் நிக்குது. அதையும் நான்தான் சாவுன்னு சொல்ல வேண்டியிருக்குது.”

அருள்மேரி அவர் தட்டை இழுத்தாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பங்குனியில் மடங்கிய காலை நிமிர்த்தும் வேலை நடந்தது. அருள்ஜோசப் ஏணியின் உச்சியில் நின்று போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று கீழே நின்றது. ஓட்டுநர் வெளியே தலையை நீட்டி வளைவை எழுத்துக் கூட்டிப் படித்தார். கொஞ்சம்தான் தமிழ் தெரியும்போல.

“செ...ன்...னை. சென்னை! அண்ணா, இன்னும் எஷ்டு தூரா?”

“எது?”

“சென்னைக்கு. போர்டு போட்டிருக்கீங்க, தூரா போடலியே?”

இரண்டு மூன்று மாசமாக இந்த வளைவைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அருள்ஜோசப்புக்கு எரிச்சல் வரும். “முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர், போய்யா!” என்று கத்தினார். லாரி போய்விட்டது. அவர் ஸ்பேனரைக் கையில் வைத்தபடி அந்தச் சொல்லையே பார்த்தார். சென்னை. மாநிலத்தின் பெயர்தான் மாறியிருந்தது. ஊரின் பெயர் இன்னும் சென்னைதான்.

ஏணியிலிருந்து இறங்கினார் என்று சொல்லமுடியாது. பாதி விழுந்தார். அப்படியே சைக்கிளில் ஓவர்சியர் ஆபீசுக்குப் போனார்.

“சார், பத்திரத்த எடுங்க. சுரண்டக் கூடாது, வெட்டக் கூடாது, மறைக்கக் கூடாது. கழட்டி வேற எடத்துல மாட்டக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?”

ஓவர்சியர் பத்திரத்தை மூன்று தடவை படித்தார். விரலால் ஒவ்வொரு வரியையும் தடவினார். பிறகு எழுந்து நின்று அருள்ஜோசப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் ‘சென்னை’ தகட்டைக் கழற்றி வளைவின் வலது கால் பக்கத்தில், ஆள் உயரத்தில் மாட்டினார்கள். அதன்கீழே சாதாரணத் தகரத்தில் கிலோமீட்டர் கணக்கும் ஓர் அம்புக்குறியும். மேலே காலியான இடத்தில் இன்னொரு சாதாரணத் தகரம். அதில் திம்மராயன் தம் எனாமலால் ‘தமிழ்நாடு’ என்று எழுதினார். தமிழ்நாடு மாநிலம் தங்களை வரவேற்கிறது. எழுதி முடித்துவிட்டு அரைமணி நேரம் ஏணியிலேயே நின்றார். எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே வந்து முனிலட்சுமியிடம் இரண்டு டீ வாங்கி இரண்டையும் தானே குடித்தார்.

இலாகாவிலிருந்து இருப்பைச் சரிபார்க்க வந்தவர்கள் தகடுகளை எண்ணினார்கள். நாலு நீலத் தகடும் இருந்தன. கீறல் இல்லை. ஃபைலை மூடினார்கள்.

ஒரே ஒரு சங்கடம். அந்த வருஷ மழையில் சாதாரணத் தகரம் துரு பிடித்தது. நீலம் சாம்பலாகி, ‘தமிழ்நாடு’ மங்கலாகி, ஐப்பசி முடிவதற்குள் தூரத்திலிருந்து பார்த்தால் ‘மாநிலம் தங்களை வரவேற்கிறது’ என்பது மட்டும் தெரிந்தது. எந்த மாநிலம் என்று தெரியவில்லை. நஞ்சுண்டப்பா மறுபடியும் சைக்கிளில் வந்து, இதைத் தங்கள் மாநிலத்து வளைவு என்று நினைத்து, வழி தப்பிவிட்டோம் என்று நாலு பேர் திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார். திம்மராயன் தை மாசம் புதிதாக எழுதினார். அடுத்த வருஷம் மறுபடியும் எழுதினார். வருஷா வருஷம் எழுதவேண்டியது என்று ஆகிவிட்டது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இதற்கு நடுவில், 1970 தொடக்கத்தில் அந்த அமெரிக்கக் கம்பெனியிலிருந்து அருள்ஜோசப்புக்கு ஒரு படிவம் வந்தது. சாம்பிள் வாங்கிய எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். நிறம் மங்கியதா? இல்லை. உரிந்ததா? இல்லை. பொடி உதிர்ந்ததா? இல்லை. மோதலைத் தாங்கியதா? ராகி லாரி, தாங்கியது. கவனித்த குறைகள் என்று கடைசியில் நாலு வரி இடம் விட்டிருந்தது. அருள்ஜோசப் ஒரு முழு நாள் அதைத் திறந்தே வைத்திருந்தார். பிறகு அருள்மேரியிடம் இங்கிலீஷைச் சரிபார்க்கச் சொல்லி எழுதினார். ‘உங்கள் பெயிண்ட்டில் குறை எதுவும் இல்லை. இருபது வருஷத்துக்கு மாறாத சொற்களை மட்டும் இதில் எழுதவேண்டும் என்று டின்னின்மேல் அச்சடித்தால் நல்லது.’

கம்பெனிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு கடுமையான சோதனையை யாரும் நடத்தியதில்லை என்று பாராட்டி, மூன்று டின் பெயிண்ட்டை இலவசமாகக் கப்பலில் அனுப்பிவிட்டார்கள். அது சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. இறக்குமதி அனுமதியோ, சேதச் சான்றிதழோ, இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்து எடுத்துப் போகும்படி அருள்ஜோசப்புக்குக் கடிதம் வந்தது.

அவர் அதைப் படித்துவிட்டு மடித்தார். அன்றைக்கு ஷெட்டில் குருபரப்பள்ளியிலிருந்து ஒருவர் புது ஹோட்டலுக்கு போர்டு செய்ய வந்து உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி பெயரில் ஹோட்டல்.

“அழியாத பெயிண்ட் உங்ககிட்ட இருக்குதாமே?” என்றார் அவர். “அதுலயே அடிச்சுக் குடுத்துடுங்க.”

“கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்?”

“மூணு மாசம்.”

“சாதாப் பெயிண்ட்டே போதும்ங்க” என்றார் அருள்ஜோசப். “வேணும்னா வருஷா வருஷம் வாங்க, புதுசா அடிச்சுத் தரேன்.”

வந்தவருக்குக் கொஞ்சம் கோபம். அருள்ஜோசப் அதைக் கவனிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.